மறுக்கத் தவறும் சர்வர்: தாம்பரம் மாணவர் கண்ட குறையை முன்வைத்து

1. நிகழ்வும் கேள்வியும்

2021 ஆகஸ்ட் 30 அன்று, தாம்பரத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர் செர்ட்-இன் என்னும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலை அமைப்புக்கு ஒரு தகவல் அனுப்பினார். ரயில் டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் லாகின் செய்தபோது, தன் கணக்கில் இருந்தபடியே முன்பின் தெரியாத பயணிகளின் விவரங்களையும் பார்க்க முடிகிறது என்பது அதன் சாரம். பெயர், வயது, பாலினம், பி.என்.ஆர். எண், ரயில், புறப்படும் நிலையம், பயண நாள் எல்லாம் தெரிந்தன. அதே வழியில் பிறர் டிக்கெட்டை ரத்து செய்யவும், ஏறும் நிலையத்தை மாற்றவும், அவர் பெயரில் உணவு ஆர்டர் செய்யவும்கூட இயலும் என்று அவர் சுட்டிக்காட்டினார். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் குறை சரிசெய்யப்பட்டது. நாளிதழ்கள் மாணவரைப் பாராட்டின. பேச்சு அத்தோடு முடிந்தது.

முடிந்திருக்கக் கூடாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. மாணவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள்; அவருக்குப் பதில் சொன்ன சர்வரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒரு பயனர் தனக்கு உரிமையில்லாத ஒன்றைக் கேட்கும்போது அதற்கு இடமில்லை என்று சொல்வது எந்தச் சேவைக்கும் அடிப்படைக் கடமை. நாட்டின் மிகப்பெரிய டிக்கெட் தளங்களில் ஒன்று அதை ஏன் சொல்லவில்லை? நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்பது வழக்கமான விடை. அது பொய்யான விடை அல்ல. ஆனால் அது போதாது.

2. மறுப்பு தவறும் இடங்கள்

மென்பொருள் பலவீனங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் சி.டபிள்யூ.இ. என்ற பட்டியலை அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் பராமரிக்கிறது. தாம்பரத்து மாணவர் கண்ட குறை அதில் 639 என்ற எண்ணுக்குள் வரும்: பயனர் தன் கையால் மாற்றக்கூடிய ஓர் எண்ணை மட்டும் நம்பி, அந்த எண்ணுக்குரிய ஆவணத்தை சர்வர் எடுத்துக் கொடுத்துவிடுவது. ஸ்டேஷன் கிளோக் ரூமில் டோக்கனைக் காட்டாமல் எண்ணை வாயால் சொன்னதுமே பெட்டியை எடுத்துத் தரும் ஊழியரைப் போன்றது இது. லாகின் செய்தவர் யார் என்பது சர்வருக்குத் தெரியும். கேட்கப்படும் டிக்கெட் யாருடையது என்பதும் தெரியும். இரண்டையும் ஒப்பிடும் ஒரே ஒரு வரி விடுபட்டிருக்கும்.

அதே பட்டியலில் 280 என்ற எண் அதிகம் பேசப்படாதது. அனுமதி போதாத நிலையை நிரல் சரியாகக் கையாளாமல் போவதே அந்தப் பலவீனம். இங்கே அனுமதி இல்லாமல் தவிப்பது பயனர் அல்ல, நிரலே. ஒரு கோப்பைத் திறக்கவோ ஒரு செயலைச் செய்யவோ நிரல் முயல்கிறது, இயங்குதளம் மறுக்கிறது, மறுப்பை நிரல் கவனிக்காமல், எதுவும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அதன்பின் அது எழுதியவர் எண்ணிப் பார்க்காத பாதையில் ஓடுகிறது.

இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்ப்பது வகைப்பாட்டுக்கு வசதி. ஒரே வேரிலிருந்து வருபவை என்றே நான் பார்க்கிறேன்: அனுமதி கிடைத்த பாதையைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள், அனுமதி கிடைக்காத பாதையை ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வரலாற்றில் இதற்கு நல்ல சான்று உண்டு. சற்று நின்று பார்க்கத்தக்கது. 2000ஆம் ஆண்டு, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் 2.2.15 வரையிலான பதிப்புகளில் ஒரு பிழை வெளிப்பட்டது. அன்று உலகின் பெரும்பகுதி மின்னஞ்சலைச் சுமந்த செண்ட்மெயில் என்ற நிரல், ரூட் என்னும் முழு அதிகாரத்தோடு தொடங்கி, வேலையைச் செய்யுமுன் அந்த அதிகாரத்தைத் தானாகவே கைவிடும். கைவிடுவதற்கும் ஓர் அனுமதி தேவை. அந்த அனுமதியைச் சாதாரணப் பயனர் ஒருவர் முன்கூட்டியே பறித்துவிட முடியும் என்பதே பிழை. அப்போது கைவிடும் கட்டளை அரைகுறையாக நிறைவேறும். ஆனால் நிறைவேறிவிட்டதாகவே விடை வரும். செண்ட்மெயில் தன்னைச் சாதாரண நிரல் என்று நம்பிக்கொண்டு, ரூட் அதிகாரத்தை மீட்டெடுக்கும் வழி திறந்தபடியே வேலையைத் தொடரும். கெர்னல் 2.2.16 பதிப்பில் இது திருத்தப்பட்டது. செண்ட்மெயிலை எழுதியவர்களும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பிழை உள்ள கெர்னல் என்று கண்டால் ஓடவே மறுக்கும்படி தங்கள் நிரலை மாற்றினார்கள். நிறைவேறியது என்ற விடையை நம்பாமல், மறுப்பு உண்மையிலேயே நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் மனநிலை அது.

பத்தாண்டு கழித்து, 2010இல், ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் இதன் உறவினர் ஒருவர் தலைகாட்டினார். ரூட்டாகத் தொடங்கும் ஒரு சேவை, அதிகாரத்தைக் கைவிடும் கட்டளை தோற்றதா வென்றதா என்று பார்க்கவில்லை. ஒரு பயனருக்கு அனுமதிக்கப்பட்ட நிரல்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே நிரப்பிவிட்டால் அந்தக் கட்டளை தோற்கும். சேவை ரூட்டாகவே நீடிக்கும். தம் ஃபோனைத் தாமே ‘ரூட்’ செய்துகொள்ள விரும்பிய பலருக்கு இது வரமாக அமைந்தது என்பது வேறு கதை. 2011இல் வந்த லினக்ஸ் 3.1, அந்தக் கட்டளை இந்தக் காரணத்தால் தோற்காதபடி கெர்னலின் நடத்தையையே மாற்றியது. விடையைப் பார்க்காத நிரல்கள் உலகில் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. ஆகவே கெர்னல் வளைந்து கொடுத்தது. நிரலாளர்களைத் திருத்துவதைவிட அதுவே எளிது என்று முடிவெடுத்தார்கள் என இதை வாசிக்கலாம்.

கோட்பாடு இதற்கெல்லாம் மிக முந்தியது. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, வெளிப்படையாக அனுமதி இருந்தாலொழிய மறுப்பதே இயல்பாக இருக்க வேண்டும், ஒவ்வொரு அணுகலும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்பட வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் உள்ளன. 46 ஆண்டு பழைய கொள்கை 2021இல் ஒரு டிக்கெட் தளத்தில் இல்லை என்றால், அறிவு எட்டவில்லை என்று காரணம் சொல்ல முடியாது.

3. பெட்டியில் ஒட்டிய பட்டியலும் திறந்த சர்வரும்

இங்கே ஒரு மறுப்புரையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ரயில்வே தானே பல்லாண்டுகளாகப் பயணிகளின் பெயர், வயது, பாலினம், இருக்கை எண் ஆகியவற்றை அச்சிட்டுப் பெட்டிக்குப் பெட்டி ஒட்டிவந்தது. எழும்பூரிலும் தாம்பரத்திலும் பிளாட்பாரத்தில் நின்ற எவரும் அதைப் படிக்கலாம், படித்தோம். பெரிய நிலையங்களில் அந்தப் பழக்கம் 2018 மார்ச்சில்தான், அதுவும் சோதனை முயற்சியாக, நிறுத்தப்பட்டது. பசை போட்டு ஒட்டியதை மூன்றாண்டு கழித்து ஒரு மாணவர் திரையில் பார்த்தால் மட்டும் என்ன குடி முழுகிவிட்டது?

வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. தனியுரிமை பற்றிய நம் கூச்சம் புதியது. ஆனால் பட்டியலுக்கும் சர்வருக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. பட்டியல் புறப்படும் வேளையில் ஒட்டப்பட்டு, ரயிலோடு போய்விடும். சர்வரில் அடுத்த மாதப் பயணமும் இருக்கும். இன்னாருடைய வீடு எந்த வாரம் பூட்டிக் கிடக்கும் என்பதைப் பட்டியல் முன்கூட்டிச் சொல்லாது. இது முதலாவது. பட்டியலைப் படிக்க ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். எண்களை வரிசையாக மாற்றிக் கேட்கும் ஒரு சிறு நிரலுக்கு அந்தக் கால்வலி இல்லை. இது இரண்டாவது. மூன்றாவதுதான் உண்மையில் கனமானது: பட்டியலைத் தொட்டு எதையும் மாற்ற முடியாது. சர்வரில் முடிந்தது.

மாற்றுவதன் பொருள் தென்சென்னைப் புறநகர்வாசிக்கு உடனே புரியும். தெற்கு மாவட்டங்களுக்குப் போகும் பாண்டியன், நெல்லை, பொதிகை போன்ற ரயில்கள் எழும்பூரில் கிளம்பித் தாம்பரத்தில் நின்று போகும். சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர்க்காரர்கள் பெட்டி படுக்கையோடு எழும்பூர் வரை போவதில்லை, தாம்பரத்திலேயே ஏறிக்கொள்வார்கள். அதற்காக ஏறும் நிலையத்தை மாற்றும் வசதி இப்பகுதியில் அன்றாடப் புழக்கத்தில் உள்ள ஒன்று. விதி கண்டிப்பானது: மாற்றியபின், பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும். யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஒரு டிக்கெட்டின் ஏறும் நிலையத்தைத் தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டால், பிள்ளைகுட்டிகளோடு ஐந்தாம் பிளாட்பாரத்தில் நிற்பவர், தன் இருக்கைக்கே உரிமையில்லாதவராக டிக்கெட் பரிசோதகரிடம் வாதாட வேண்டியிருக்கும்.

ரத்து இதைவிடக் கொடியது. அன்று 120 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும். பொங்கல், தீபாவளி டிக்கெட்டுகள் காலை 8 மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் என்பது தெற்கத்திக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ரத்தானால் பணம் பிடித்தம்போகத் திரும்பும், எஸ்.எம்.எஸ். வரும், இருக்கை வராது. ரத்து செய்தவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். பணம் அவருக்குப் போகாதுதான். ஆனால் ஒருவர் இடம் ரத்தானால் காத்திருப்போர் வரிசை ஓர் அடி முன்னே நகரும் என்பதை யோசித்தால், லாபமே இல்லாத குறும்பு என்று இதை ஒதுக்க முடியாது. அப்படி எவரும் செய்ததாகப் பதிவு ஏதும் நான் காணவில்லை. வாய்ப்பு இருந்தது என்பதே என் வாதத்துக்குப் போதும்.

4. எந்த மறுப்பு கட்டப்படுகிறது, எது விடுபடுகிறது

கவனக்குறைவு என்ற விளக்கத்துக்கு வருவோம். அதற்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் சான்று, ஓவாஸ்ப் என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிடும் முதல் பத்து அபாயங்களின் பட்டியல். 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்த, தாம்பரத்துக் குறையும் அடங்கும் ‘உடைந்த அணுகல் கட்டுப்பாடு’ என்ற வகை, 2021இல் முதலிடத்துக்கு ஏறியது. இதையொட்டி ‘94 சதவீத மென்பொருள்களில் இந்தக் குறை உள்ளது’ என்ற வரி கட்டுரைக்குக் கட்டுரை நகலெடுக்கப்படுகிறது. ஓவாஸ்ப் அப்படிச் சொல்லவில்லை. 94 சதவீத மென்பொருள்கள் இந்தக் குறைக்காகச் சோதிக்கப்பட்டன, சராசரியாக 3.81 சதவீதத்தில்தான் அது தென்பட்டது. எங்கும் எவரும் செய்யும் தவறு என்ற முடிவுக்கு இந்த எண் துணை நிற்காது. பெரும்பாலோர் ஒழுங்காகச் செய்யும் ஒன்றைச் சிலர் ஏன் தவறவிடுகிறார்கள் என்ற கேள்விக்கே அது நம்மைத் தள்ளுகிறது.

ஐ.ஆர்.சி.டி.சி.யின் மேம்படுத்தப்பட்ட தளம் 2020 டிசம்பர் 31 அன்று அறிமுகமானது. அன்று முன்வைக்கப்பட்ட பெருமை, நிமிடத்துக்கு 10,000 டிக்கெட்டுகள் என்பது. எட்டு மாதம் கழித்துத் தாம்பரத்திலிருந்து தகவல் போனது. சர்வர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஆம் என்று சொல்லும் என்பதற்கு அளவுகோல் உண்டு. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னதா என்பதற்கு அமைச்சர் அறிவிக்கும் அளவுகோல் எங்கும் இல்லை.

இதை வைத்து, ‘நம் அரசு நிறுவனங்களுக்கு வேகம்தான் முக்கியம், பாதுகாப்பு அல்ல’ என்று முடித்துவிடுவது சுலபம். உண்மை அதைவிடச் சிக்கலானது. அந்தச் சிக்கலில்தான் என் வாதம் இருக்கிறது. இதே தளம் மறுப்பதில் சளைத்ததல்ல. தட்கல் நேரத்தில் கேப்ச்சாவோடு மல்லுக்கட்டாதவர் யார்? ஒரு கணக்குக்கு மாதம் 6 டிக்கெட், ஆதார் இணைத்தால் 12 என்று அன்று வரம்பு இருந்தது. 2022 ஜூனில்தான் அது இரட்டிப்பானது. நேரக் கட்டுப்பாடுகள், முகவர்களுக்குத் தனித் தடைகள், கணக்கு முடக்கம் எல்லாம் உண்டு. புரோக்கர்களும் அவர்களுடைய சட்டவிரோத மென்பொருளும் நாடாளுமன்றத்தில் கேள்வியாக வரும் விவகாரம் என்பதால், அவர்களை மறுக்கும் கதவுகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டன.

ஆக, மறுக்கத் தெரியாத அமைப்பு அல்ல இது. நிறுவனம் தன்னிடமுள்ள பண்டத்தைக் காக்க வேண்டிய இடத்தில் மறுப்பு கட்டப்பட்டது. பயணியிடம் ஏற்கெனவே விற்றுவிட்ட பண்டத்தை மற்றொரு பயணியிடமிருந்து காக்க வேண்டிய இடத்தில் விடுபட்டது. விற்குமுன் இருக்கை ரயில்வேயுடையது. அதைத் திருட வருபவன் நிறுவனத்தின் எதிரி. விற்றபின் அது பயணியுடையது. அதில் கை வைப்பவனைப் பற்றி நிறுவனத்துக்கு உடனே புகார் வருவதில்லை, வந்தாலும் பயணியின் தவறாகவே முதலில் தோன்றும். எந்த மறுப்பு தவறினால் நிறுவனத்துக்கு வலிக்குமோ அது சோதிக்கப்படுகிறது.

மூன்றாண்டு முந்தைய நிகழ்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. 2018 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இதே தளத்தின் இலவசப் பயணக் காப்பீட்டு இணைப்பில் ஒரு குறையைத் தெரிவித்தார். டிக்கெட் எடுத்தவர் நாமினியின் பெயரைப் பதிய, காப்பீட்டு நிறுவனத்தின் பக்கத்துக்குப் போவார். அந்த இணைப்பின் வழியே பிற பயணிகளின், அவர்களுடைய நாமினிகளின் விவரங்களைப் பார்க்க முடிந்தது. ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அந்த ஓட்டை இருந்திருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கு இடைப்பட்ட இடத்தில், இரண்டுக்கும் வலிக்காத ஓர் இடத்தில் மறுப்பு விடுபட்டிருந்தது. திருத்தியவர்கள் அந்த ஒரு ஓட்டையை அடைத்தார்கள். அதே இனத்து ஓட்டைகள் வேறெங்கே உண்டு என்று தேடியிருந்தால், 2021இல் பள்ளி மாணவருக்கு வேலை இருந்திருக்காது.

மென்பொருள் நிறுவனங்களில் இந்த மனநிலை எப்படி உருவாகிறது என்பதற்குப் பழைய மகாபலிபுரம் சாலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. தரமணியில் 2000இல் திறந்த டைடல் பார்க்கில் தொடங்கிச் சிறுசேரி சிப்காட் வரை, தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் வளாகத்தையும் சேர்த்து, தென்புறநகரின் பல்லாயிரம் வீடுகளில் டெஸ்டிங் வேலை பார்ப்பவர் ஒருவராவது இருப்பார். சோதனைப் பட்டியல் வாடிக்கையாளர் தந்த தேவைப் பட்டியலிலிருந்து பிறக்கிறது. ‘பயனர் தன் டிக்கெட்டை ரத்து செய்ய முடிய வேண்டும்’ என்று தேவை எழுதப்பட்டிருக்கும். ‘பிறர் டிக்கெட்டை ரத்து செய்ய முடியக் கூடாது’ என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் எவராலும் எழுதப்படாது. எழுதாததற்குச் சோதனை இல்லை. சோதனை இல்லாததற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை, பில்லும் போட முடியாது. இரண்டு கணக்குகளைத் திறந்து, ஒன்றிலிருந்து மற்றதன் டிக்கெட்டைக் கேட்டுப் பார்ப்பது அரைமணி நேர வேலை. அதை எவர் தலையிலும் எந்த ஒப்பந்தமும் கட்டவில்லை.

5. மறுப்பைச் சோதிப்பவருக்குச் சட்டம் தரும் இடம்

உள்ளே சோதிக்கப்படாத மறுப்பை வெளியே ஒருவர்தான் சோதிக்க வேண்டும். அங்கேதான் முடிச்சு விழுகிறது. உரிமையில்லாதவருக்கு சர்வர் என்ன பதில் சொல்கிறது என்பதை அறிய, உரிமையில்லாத ஒருவர் கேட்டாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுபவரை இழப்பீட்டுக்கு உள்ளாக்குகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சோதித்தவர் 66இலிருந்து தப்ப வாதம் உண்டு. அனுமதியற்ற அணுகலைப் பொறுத்தவரை 43இல் எண்ணத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

தாம்பரத்து மாணவருக்கு நன்றி கிடைத்தது. அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2018 ஜனவரியில் ‘தி டிரிப்யூன்’ நாளிதழின் செய்தியாளர் ரச்னா கைரா, 500 ரூபாய்க்கு ஒரு முகவரிடம் லாகின் பெற்று ஆதார் எண்களுக்குரிய விவரங்களைப் பார்க்க முடிந்ததை எழுதினார். குறிப்பிட்ட அலுவலர்களின் குறைதீர்ப்புப் பணிக்காகத் தரப்பட்ட தேடும் வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது என்றது ஆதார் ஆணையம். அதாவது, அந்த வசதியும் கேட்பவர் யார் என்று பார்த்து மறுக்கவில்லை. ஆணையத்தின் புகாரில் பதிவான எஃப்.ஐ.ஆரில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. எதிர்ப்பு கிளம்பியபின், செய்தியாளரைக் குறிவைக்கவில்லை என்று ஆணையம் விளக்கியது.

இது இந்தியாவின் தனிச்சொத்து அல்ல. அதே 2018 ஏப்ரலில், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 19 வயது இளைஞர் ஒருவரின் வீட்டுக்குள் காவல்துறை நுழைந்தது. அரசின் தகவலுரிமைத் தளத்தில், முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி ஏறத்தாழ 7,000 ஆவணங்களை அவர் இறக்கியிருந்தார். அவற்றில் சில நூறு தனிநபர் விவரங்கள் அடங்கியவை. தளம் எதையும் மறுக்கவில்லை. மறுக்காததால் எல்லாம் பொது ஆவணம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மே மாதத்தில் வழக்குப் போடாமல் கைவிட்டார்கள். தாம்பரத்தில் நடந்ததும் நோவா ஸ்கோஷியாவில் நடந்ததும் தொழில்நுட்ப அளவில் ஒரே செயல். ஒருவர் செர்ட்-இன்னுக்கு எழுதினார், மற்றவருக்கு அது குறை என்றே தெரியாது. ஒருவருக்குப் பாராட்டு, மற்றவருக்குச் சோதனைப் படை. செயலின் தன்மையை விட்டுவிட்டு, யாரிடம் எந்த வரிசையில் சொன்னார் என்பதே விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதம், நல்லெண்ணப் பாதுகாப்பு ஆய்வுக்காகக் கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்று தன் அரசு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. அது சட்டத்திருத்தம் அல்ல, கொள்கை மாற்றம் மட்டுமே; அடுத்த அரசு அதை மாற்றலாம். இருந்தாலும் எழுத்தில் ஒன்று இருக்கிறது. இங்கே செர்ட்-இன் குறைகளைப் பொறுப்புடன் தெரிவிக்கும் நடைமுறையை வகுத்திருக்கிறது. அந்த நடைமுறைக்குச் சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் இல்லை. ஆதார் ஆணையம் 2022இல் குறை கண்டுபிடிப்போருக்கான ஒரு திட்டத்தை அறிவித்தபோது 20 பேரை மட்டும் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னது. பன்னாட்டுத் தளங்களின் தரவரிசையில் ஏற்கெனவே இடம்பிடித்திருப்பது அதற்கான தகுதிகளில் ஒன்று. டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் குறையைப் பார்த்துவிடும் பள்ளி மாணவர் அந்த இருபதுக்குள் வரப்போவதில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இக்கட்டுரையின் நான்காம் பகுதியில் சொன்ன சமநிலையின்மையில் பாதியைச் சரிசெய்ய முயல்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தனிநபர் விவரம் கசிய விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. பயணிக்கு வலித்தது நிறுவனத்துக்கும் வலிக்கும் என்றால், ‘பிறர் டிக்கெட்டை ரத்து செய்ய முடியக் கூடாது’ என்ற வரி தேவைப் பட்டியலில் ஏறக்கூடும், அரைமணி நேரச் சோதனைக்கு பில் போடவும் கூடும். ஆனால் அபராதத் தொகை உயர உயர, வெளியிலிருந்து குறையைச் சொல்பவரை மௌனமாக்கும் தேவையும் நிறுவனத்துக்கு உயர்கிறது. அவர்மீது 43ஆம் பிரிவை நீட்டினால் தடுக்க, புதிய சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.